தசமப்புள்ளி வரைந்த (?) ஓவியம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கலைக்கூடத்துக்குள் நான் நுழைந்தது கழிவறை தேடி. வழியில் ஒரு படம் மறித்தது. வெள்ளைத்தாளில் நூற்றுக்கணக்கில் கோடுகள், சிலந்திக்குக் காய்ச்சல் கண்டதுபோல. "ஒரு இன்ஜினியரிங் புரொபசர் கம்ப்யூட்டர்ல போட்டது சார், அந்தக் காலத்துலயே!" என்றார் காவலர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதிக் கதையை நான் கட்டிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கலையும் அறிவியலும் கைகோக்கும் புள்ளியில் ஒரு மாமேதை தன்னந்தனியாக...'

(அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது: பேராசிரியர் பாலங்களின் அதிர்வை ஆராய்பவர். தசமப்புள்ளி தவறினால் பாதி மதிப்பெண்ணை வெட்டுவார். மாணவர்கள் அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அன்று நானூறு துளை அட்டைகளோடு கணினி அறைக்குப் படியேறினார். அந்தக் காலக் கணினி, அட்டையில் போட்ட துளைகளைத்தான் படிக்கும். அட்டைக்கு ஒரு புள்ளி. வரிசையாகக் கொடுத்தால் எந்திரம் புள்ளிகளை இணைத்து அழகாக ஒரு வளைவு வரையும்.

கால் இடறியது.

(நாற்பது அட்டை போதுமோ? வேண்டாம், நானூறே இருக்கட்டும். விழுவதுதான் விழுகிறார்.)

3

பொறுக்க ஓடிவந்தவர், அட்டைகளில் துளையிடும் அக்கா.

"நம்பர் பாத்து அடுக்கும்மா, சீக்கிரம்!"

"நம்பர் எங்க சார் இருக்கு? போட்டுத் தரேன்னேன். வரிசை என் தலையிலயே இருக்குன்னீங்க."

"அது..."

"அந்தத் தலையக் கொஞ்சம் இறக்கி வைங்க, பாத்து அடுக்கறேன்."

எந்திரம் அவருக்குக் கிடைப்பது வாரத்துக்கு அரைமணி. அதில் பத்து நிமிடம் போய்விட்டது. அக்கா நிறையத் துளையுள்ள அட்டை ஒன்று, குறைவானது ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினார்.

"என்னம்மா இது?"

"எப்படியும் தப்புதான் சார். பாக்கவாவது நல்லா இருக்கட்டும்."

4

வந்த படத்தை, கல்லூரி முதல்வரின் மைத்துனரான கலை விமர்சகர் பார்த்துத் தொலைத்தார். "எந்திரத்தின் விசும்பல்!" என்றார். கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது கேட்டார்.

பேராசிரியர் ஒன்பது முறை அதே படியிலிருந்து அட்டைகளை வேண்டுமென்றே கொட்டினார். அக்கா கை படாத அந்த ஒன்பதும் பூனை விளையாடிய நூல்கண்டு.

(அடுத்தவர் தசமத்தை விடாத மனிதர் அடுத்தவர் பங்கை விழுங்குவாரா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு, எனக்குத் தெரிந்த பேராசிரியர்களை நினைத்துக்கொண்டேன்.)

5

கண்காட்சிக்குப் போனது அந்த ஒரு படம்தான். அதன் கீழே 'வரைந்தவர்' என்று அச்சிட்ட பெயர்ச்சீட்டு. பேராசிரியர் பேனாவோடு நிற்கிறார். ஆயுளில் முதல்முறையாக அவரை யாரோ கலைஞர் என்றிருக்கிறார்கள்.

"என்னங்க, உங்க பேரே மறந்துபோச்சா?" என்கிறார் மனைவி.

வாசலில் அக்கா, கூடவே அவருடைய மாமியார். "ஓட்டை போடறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்று பத்து வருடமாகக் கேட்டுவருபவர்.

முடிவு அ: பேராசிரியர் தன் பெயரை மட்டும் எழுதுகிறார். மாமியார் படித்துவிட்டு, "நான் அப்பவே..."

(எழுத மனம் வரவில்லை.)

முடிவு ஆ: இரண்டு பெயர்கள். யார் பெயர் முதலில்? விசும்பியது எந்திரம் இல்லை என்று தெரிந்தால் விமர்சகர் விசும்புவாரே!

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெருங்குகிறார். பேராசிரியர் பேனாவை நீட்டுகிறார். என்னிடம் இல்லை, உங்களிடம். சட்டென்று எழுதுங்கள்.

வரைந்தவர்: ........................