இருபத்தாறு நத்தைகள்

புத்தகம் தொலைந்துபோய்விட்டது என்றுதான் மெரடித் சொல்வதாக இருந்தாள். பொய் வாயில் தயாராகவே இருந்தது. காரியத்தைக் கெடுத்தவன் அவள் கணவன் கர்ட். மகள் டிர்சாவின் லத்தீன் பயிற்சிப் புத்தகத்தை, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெண்களின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, அதை நடத்தும் ஜொலீன் போன் செய்தபோது, எடுத்தவன் அவன். அன்றைக்கே நிலவறைக்கு இறங்கி, பழைய பெட்டிகளைப் புரட்டி, புத்தகத்தைத் தேடி எடுத்து, தூசி தட்டி வேனின் முன் சீட்டில் வைத்துவிட்டான். நம்ம பொண்ணு எழுதினதை எல்லாரும் பார்க்கட்டுமே என்றான். முகமெல்லாம் பூரிப்பு.

அதில் பூரிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தவள் உலகத்தில் மெரடித் ஒருத்திதான். முப்பத்திரண்டு பாடங்களில் டிர்சா எழுதியவை ஆறு. மற்ற இருபத்தாறும் மெரடித் எழுதியவை.

ஒன்றரை வருஷத்துக்கும் முன்னால் அந்தச் சிவப்புப் புத்தகத்தை அவள்தான் ஆசையாக வாங்கினாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று வியாழக்கிழமைப் பெண்கள் எல்லோரிடமும் சொன்னாள். கர்ட்டின் அக்காள் கிரெட்சன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு நாள் பூராவும் என்னதான் செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். அவளிடம் மெரடித் இரண்டு தரம் சொன்னாள். மெரடித்துக்கு லத்தீன் தெரியாது. பிள்ளையை விட ஒரு பாடம் முன்னால் ஓடினால் போதும் என்று ஜொலீன் சொல்லியிருந்தாள். ஆறு பாடம் வரை ஓடினாள். ஏழாவது பாடத்தில் டிர்சா பென்சிலை வைத்துவிட்டு அழுதாள். மறுநாளும் அழுதாள். மூன்றாம் நாள், பாதி பக்கத்தை அழித்து அழித்துக் காகிதம் கிழிந்துபோனது. அது ஆப்பிள் பறிக்கிற சமயம். அப்புறம் பார்க்கலாம் என்று மெரடித் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் வாராவாரம் ஜொலீன் எந்தப் பாடம் என்று கேட்டாள். மெரடித் ஒன்பது என்றாள், பதின்மூன்று என்றாள், இருபது என்றாள். ஜூன் மாதம், வருஷத்துப் படிப்பை மதிப்பிட ஆசிரியை வரும் நேரம் வந்தது. பென்சில்வேனியாச் சட்டம் லத்தீனைக் கேட்பதே இல்லை. கணக்கும் வாசிப்பும் சரித்திரமும் காட்டினால் போதும். அது தெரிந்தும், டிர்சாவை நீச்சல் வகுப்பில் இறக்கிவிட்டு, வெளியே வேனில் உட்கார்ந்து, விடைப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மெரடித் இடது கையால் எழுதத் தொடங்கினாள். எழுத்து குழந்தை எழுத்து மாதிரி கோணலாக வந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு தப்பு வேண்டுமென்றே வைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவை வலது கைக்கு மாற்றிக்கொண்டு அந்தத் தப்புகளைத் தானே திருத்தினாள். மேலே ‘மிக நன்று’ என்று எழுதினாள்.

டிர்சாவுக்கு ஒரு பழக்கம். ஒரு பாடம் முடிந்தால் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வலது மூலையில், சின்னதாக ஒரு நத்தை வரைவாள். மெரடித் அதையும் விடவில்லை. பதினோரு நீச்சல் வகுப்புகளில் இருபத்தாறு நத்தை வரைந்து முடித்தாள்.

மதிப்பிட வந்த ஆசிரியை இரண்டு பக்கம் புரட்டினாள். அழகா இருக்கே என்று மூடி வைத்தாள். அவ்வளவுதான். அதற்காகத்தான் அவ்வளவும்.

இப்போது மே மாதம். வருகிற செப்டம்பரிலிருந்து எட்டுக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே லத்தீன் பாடத்திட்டம், வியாழன்தோறும் ஒரே வகுப்பு என்று முடிவாகியிருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்துக் கூடத்தில் காபிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. நீள மேஜையில் மூன்று பாடத்திட்டங்கள் பரப்பியிருந்தன. ஒன்று சிவப்பு. மனப்பாடம் செய்து ஒப்பித்து, பக்கம் பக்கமாக எழுதுவது. ஒன்று நீலம். திரையில் ஒரு ஆள் கிதாரை வைத்துக்கொண்டு லத்தீன் பாட்டுப் பாடுவான். மூன்றாவது மெலிசானது, படக்கதை மாதிரி. ரோமாபுரியில் ரொட்டி சுடுகிற ஒரு குடும்பத்தின் கதை. அதில் எழுதுவதற்கு அதிகம் இல்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில், ‘சிறுவர் லத்தீன் – மெரடித்’ என்று, வகுப்பு எடுப்பவளின் பெயரையும் சேர்த்து, ஜொலீன் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள்.

ஜொலீன் ஆறு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்து ஆளாக்கியவள். நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு பட்டியல். நீலத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"இதுல பாட்டு மட்டும்தான் மனசுல நிக்கும். எங்க வீட்டுக் கடைக்குட்டி மூணு மாசம் இதைப் பாடிட்டே திரிஞ்சான். என்னடா அர்த்தம்னு கேட்டா, கிதார் வாங்கிக் குடுங்கறான்."

பெண்கள் சிரித்தார்கள். மெரடித்தும் சிரித்தாள். அவள் கொண்டுவந்த சிவப்புப் புத்தகம் மேஜையைச் சுற்றிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கையாக அது போகப் போக அவள் காதுகள் சுட்டன. ஒருத்தி சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, நான் இவ்வளவு பொறுமையாத் திருத்தினதே இல்லை என்று பெருமூச்சு விட்டாள்.

கடைசியில் அது ஷெல்பியிடம் வந்து நின்றது.

ஷெல்பி ஜனவரியில்தான் கூட்டத்தில் சேர்ந்தவள். அவளுடைய இரட்டைப் பெண்கள் வெராவும் ஜூனியும் எட்டு வயதிலும் விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களைத் தனியாகப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள் என்று அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்த முதல் வாரமே, என் பெண் எட்டு வயதில் முழுப் புத்தகமும் முடித்தாள் என்று அவளிடம் சொன்னது மெரடித்தான். யாரும் கேட்காமலே சொன்னாள்.

ஷெல்பி மற்றவர்களைப் போலப் புரட்டவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதெல்லாம் எட்டு வயசுப் புள்ள எழுதினதா?"

மெரடித் தலையை ஆட்டினாள்.

"அப்ப தப்பு என் மேலதான். என் பொண்ணுங்க மேல இல்ல. எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல."

இதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. நான்கு மாதம் பார்த்தாயிற்று, லீவில் இந்தப் புத்தகமும் தன் பெண்களுக்கு வராவிட்டால் செப்டம்பரில் அவர்களைத் திரும்பவும் பள்ளிக்கூடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். அந்தப் பின்வரிசைக்கேவா என்று யாரோ கேட்டார்கள். ஷெல்பி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

இப்போது சொல்லிவிடு என்று மெரடித்துக்குள் ஒன்று சொன்னது. அவள் தட்டிலிருந்து ஒரு மஃபின் கேக்கை எடுத்து, வெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, வெளியே மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த டிர்சா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். ஒன்பது வயது. முழங்காலில் புல் கறை, காதோரம் வியர்வை. ஷெல்பி அவளை ஆசையாகக் கூப்பிட்டாள். இங்கே வா கண்ணு, இதை எனக்குப் படிச்சு அர்த்தம் சொல்லு என்று இருபதாம் பாடத்தை விரித்துக் காட்டினாள்.

டிர்சா குனிந்து பார்த்தாள். பக்கத்தைப் பார்த்தாள். மூலையில் இருந்த நத்தையைப் பார்த்தாள். அடுத்த பாடத்தைத் தானே புரட்டி, அதிலிருந்த நத்தையையும் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அம்மாவைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மெரடித் தாங்கியிருப்பாள்.

"மறந்துட்டேன்" என்றாள் டிர்சா. "நான் எல்லாத்தையும் சீக்கிரம் மறந்துடுவேன்."

ஜொலீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். குரலில் அன்பு இருந்தது. அதனால்தான் அது அதிகம் குத்தியது.

"ஒரு வருஷம் உக்காந்து எழுதினதை இப்படிக் கோட்டை விடலாமா, செல்லம்? அம்மா எவ்வளவு பாடுபட்டிருக்கா பாரு. லீவுல தினம் பத்து நிமிஷம் எடுத்துப் பாக்கணும், சரியா?"

"சரி, மிசஸ் ஹாஸ்டெட்லர்" என்று ஜொலீனிடம் சொன்னாள் டிர்சா.

காது மடல் வரை சிவந்துபோய், தண்ணீர் குடிக்காமலே, டிர்சா வெளியே போனாள். மெரடித்தின் கையில் மஃபின் இருந்தது. பெண்கள் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். பிள்ளைகள் அப்படித்தான், கவலைப்படாதே என்றார்கள். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். தலையாட்டி, புன்னகைத்து வாங்கிக்கொண்டாள். பிற்காலத்தில் இதையெல்லாம் நினைக்கும்போது, நீச்சல் குளத்து வாசலில் வேனில் உட்கார்ந்து எழுதியதை விட, இந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும்.

பிறகு எழுந்து பின்னாலேயே போனாள்.

டிர்சா வேனின் பின்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து காலுறையில் ஒட்டியிருந்த முட்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மெரடித் பக்கத்தில் சரளைக் கல்லில் உட்கார்ந்தாள். குழந்தைதான் முதலில் பேசியது.

"என் நத்தை வெளிய பார்த்துப் போகும்மா. பாடம் முடிஞ்சுது, அது வீட்டுக்குப் போகுது. நீ போட்டதெல்லாம் உள்ள வருது."

மெரடித் அதைக் கவனித்ததே இல்லை. இருபத்தாறு முறை பார்த்து வரைந்தும் கவனிக்கவில்லை.

"ஏன் அங்க சொல்லல?"

"எல்லாரும் உன்னையே பார்த்துட்டு இருந்தாங்க." டிர்சா இன்னொரு முள்ளைப் பிடுங்கினாள். "நான் எழுதலைன்னு உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

இதற்குப் பதில் சொல்ல மெரடித் வாயைத் திறந்தாள். ஆமாம் என்பதுதான் உண்மை. அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "உன்னால இல்ல, நான்தான்…" என்று என்னவோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, எழுந்தாள்.

உள்ளே ஜொலீன் கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சிவப்புக்கு ஐந்து கை உயர்ந்திருந்தது. ஐந்தாவது கை ஷெல்பியுடையது. அது முழுதாக உயரவில்லை. தோளளவில் நின்றது.

மெரடித் வாசலிலேயே நின்று சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம்.

"அதை டிர்சா எழுதல. ஆறு பாடம்தான் அவ எழுதினா. மிச்சம் பூரா நான் எழுதினேன். திருத்தினதும் நான்தான். அவ எதையும் மறக்கல. அதுக்கு மேல அவ படிக்கவே இல்ல."

ஒருத்தி சிரிக்கப் பார்த்து, மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள். ஷெல்பியின் கை கீழே இறங்கியது.

"ஜனவரியிலேருந்து உன் பொண்ணைச் சொல்லித்தான் என் பொண்ணுங்களைத் திட்டிட்டு இருக்கேன்" என்றாள் ஷெல்பி. குரல் உயரவில்லை. "டிர்சாவைப் பாரு, டிர்சாவைப் பாருன்னு. வெரா நேத்துகூட அழுதா. அதை என்ன பண்ணுவ நீ?"

மன்னித்துவிடு என்றாள் மெரடித். அந்த வார்த்தை மேஜையின் பாதி தூரம்கூடப் போய்ச் சேரவில்லை.

ஜொலீன் எழுந்து வெள்ளைப் பலகையின் அருகே போனாள். ‘மெரடித்’ என்ற பெயரை மட்டும் துடைப்பானால் துடைத்தாள். ‘சிறுவர் லத்தீன்’ அப்படியே இருந்தது, அதன் பக்கத்தில் காலியிடத்தோடு. செய்து முடித்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டியலையும் பென்சிலையும் எடுத்தாள்.

"ஏழாம் பாடத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "உள்ளதைச் சொல்லு. நாங்க எட்டு வீட்டுக்கு வாங்கணும்."

மெரடித் சொன்னாள். ஒப்பிப்பதெல்லாம் டிர்சாவுக்கு நன்றாகத்தான் வந்தது. ஏழாவதில் திடீரென்று ஒரு பக்கத்தில் இருபது வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். பிள்ளையின் கை வலித்தது. இது எதுக்கும்மா என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை என்றாள். ஒன்றரை வருஷமாக அந்தப் புத்தகத்தைப் பற்றி அவள் பேசிய பேச்சில், உண்மையானது இவ்வளவுதான். ஜொலீன் எழுதிக்கொண்டாள்.

டிர்சா எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் நேராக ஷெல்பியிடம் போய், சிவப்புப் புத்தகத்தை முன்பக்கமாகப் புரட்டி, ஆறாம் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது வரைக்கும் நான்."

அழித்து அழித்துச் சாம்பல் பூத்த பக்கம். பாதி விடை தப்பு. மூலையில் ஒரு நத்தை, வெளியே பார்த்தபடி. ஷெல்பி அதை வெகுநேரம் பார்த்தாள். எங்க வீட்டு நோட்டுல இருக்கறது மாதிரியே இருக்கு என்று குழந்தையிடம் சொன்னாள். மெரடித் பக்கம் திரும்பவில்லை.

பிறகு மேஜையைக் காட்டி, இதில் எது உனக்குப் பிடிச்சிருக்கு என்று டிர்சாவையே கேட்டாள். டிர்சா மெலிசான படக்கதையை எடுத்து நான்கு பக்கம் பார்த்தாள். ஒரு பக்கத்தில் ரொட்டிக்கடைக்குள் ஒரு வாத்து புகுந்திருந்தது. பையன் கையில் துடைப்பத்தோடு நின்றான். டிர்சா அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனாள். அன்றைக்கு மேஜைக்கு வந்திருந்தது, சில பக்கங்களே உள்ள ஒரு மாதிரிப் பிரதிதான். அத்தோடு முடிந்திருந்தது.

"அந்த வாத்து என்ன ஆச்சு?" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தை வரவழைத்து முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்த வியாழக்கிழமை முடிவு செய்யலாம் என்று ஜொலீன் குறித்துக்கொண்டாள். வெராவையும் ஜூனியையும் அழைத்து வா, அவர்களும் பார்க்கட்டும் என்று ஷெல்பியிடம் சொன்னாள். ஷெல்பி சரி என்றாள்.

நாற்காலிகளை மடித்து அடுக்கும்போது மெரடித்திடம் யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் வரலாமா என்று ஜொலீனிடம் கேட்க நினைத்து, கேட்காமல், காபிப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். வேனில் டிர்சா முன் சீட்டில் இருந்த சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பாகிட்ட நீ சொல்வியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்" என்றாள் மெரடித். வண்டியைக் கிளப்பி, வீட்டுப் பக்கம் திருப்பினாள்.