நின்ற வெட்டும் படுத்த வெட்டும்

எங்கள் தெருவில் யாருக்கு என்ன அறுவை நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரி வரை போக வேண்டியதில்லை. வியாழக்கிழமை மதியம், பெண்கள் கூடிக் குளிக்கும் ஹம்மாமுக்குப் போனால் போதும். நீராவிக்குள் உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடும் இடத்தில் வயிற்றை மட்டும் எங்கே ஒளித்துவைப்பது? அதனால்தான், கட்டி வளர்ந்துவிட்டது, கருப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் வியாம் சொன்ன வாரம் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

டாக்டர் மூன்று வழி சொல்லியிருந்தார். தொப்புளுக்குக் கீழே நெடுக்காக ஒரு வெட்டு, அடிவயிற்றில் குறுக்காக ஒரு வெட்டு, அல்லது நாலைந்து சின்ன ஓட்டைகள் போட்டு, அதில் கேமராவை விட்டுச் செய்வது. "யோசிச்சுட்டு வாங்க" என்றார். எங்கள் மெக்னெஸ் ஊரில் யோசிப்பது என்றால் நாலு பேரைக் கேட்பது.

பக்கத்து வீட்டுத் தாமூதான் முதலில் எழுந்து நின்றாள். அவளுடையது நின்ற வெட்டு. மேலிருந்து கீழே கோடு போட்டதுபோல நேராக இருந்தது.

"பாத்துக்கோ பத்தூல். இதக் காட்டினதும் என் வீட்டுக்காரர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. நாப்பது நாள் நான் கட்டில விட்டு எறங்கல. அந்த மனுஷன் முட்ட அவிக்கக் கத்துக்கிட்டாரு, தெரியுமா?"

மூலையில் இருந்தவள் தன் தொப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் படுத்த வெட்டைக் காட்டினாள். எதுவும் தெரியவில்லை. "இன்னும் தூக்குடி" என்று தாமூ சொல்ல, அவள் இன்னும் தூக்கினாள். மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. இதற்குப் பதினைந்து நாள்தான் ஓய்வு கிடைத்ததாம். பார்க்க நல்லாத்தானே இருக்கு என்று அவள் கொழுந்தன் பெண்டாட்டி சொல்லிவிட்டாளாம்.

"ஓட்ட போட்டுக்கிட்டவங்க யாராவது?" என்று கேட்டேன்.

முதுகு தேய்க்கிற முபாரகா கையுறையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "தெருவுக்கே ரொட்டி சுட்டுத் தர்ற அடுப்புக்காரர் மருமக போட்டுக்கிட்டா. கொசு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதுக்கா ஆஸ்பத்திரின்னு சிரிச்சாங்க. நாலாம் நாள் மொட்ட மாடி கழுவவிட்டாங்க. உள்ள தையல் விட்டுப்போய், ரத்தமா கொட்டி, திரும்பத் தூக்கிட்டு ஓடினாங்க. பொழச்சதே அல்லா புண்ணியம்."

எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. நின்ற வெட்டுதான்.

என் மாமியார் லல்லா கென்ஸாவைத் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அவருக்குக் கண்ணால் பார்ப்பதுதான் நோய். காய்ச்சலா, நெற்றி சுட வேண்டும். தலைவலி என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடிந்ததும் பெரிய மண் தாம்பாளத்தின் முன் மண்டியிட்டு வீட்டுக்கே ரொட்டி மாவு பிசைகிறேன். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் படுத்திருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நான் நாலு பிள்ளைக்கும் சேர்த்து நாற்பது நாள் படுத்திருந்தால் அதிகம். இந்த முறை உள்ளே தையல் போடுகிறார்கள். தாம்பாளத்தின் முன் என்னை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை அடுப்புக்காரர் மருமகள் காட்டிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது.

டாக்டர் வியாம் சின்னப் பெண். என் விருப்பத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எல்லாரும் சின்ன வெட்டுதான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா பெருசு கேக்கறீங்க. உங்க கட்டிக்கு ஓட்டை போட்டாலே போதும். தேவையில்லாம வயித்தக் கிழிக்க மாட்டேன்."

"ஓட்டை போட்டா எங்க வீட்டுல நம்ப மாட்டாங்க டாக்டரம்மா."

"நம்பறதுக்கு என்ன இருக்கு? எப்படிச் செஞ்சாலும் உள்ள போடற தையல் ஒண்ணுதான். ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. மாவு பிசையக் கூடாது."

"உள்ள இருக்கறது எங்க மாமிக்குத் தெரியாதே! வெளிய தெரியற மாதிரி ஏதாவது பண்ணுங்க. கட்டாவது பெருசாப் போட்டுவிடுங்க."

"மருத்துவப்படி அது தேவையில்ல."

"வீட்டுப்படி தேவை."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எவ்வளவு பெருசு?"

மார்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்பு வரை கையால் அளந்து காட்டினேன்.

"மாமியாருக்குக் கண்ணு எப்படி?"

"பருந்து."

"எனக்கும் ஒருத்தங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

அறுவை முடிந்து மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றில் நாலு சின்னப் பிளாஸ்திரி. அதன் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் துணிக்கட்டு, அதற்கும் மேல் அகலமாக ஒரு பெல்ட். என் கணவர் ஹம்மாதி என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவரிடம் ரகசியம் சொல்வதும் தெருமுனையில் நின்று கத்துவதும் ஒன்றுதான். லல்லா கென்ஸா கட்டைச் சுற்றி வந்து பார்த்தார். விரலால் மெல்லத் தொட்டார். நான் "அம்மா!" என்று கத்திய கத்தலில் மொட்டை மாடிப் பூனை ஓடியது. வலி உண்மையாகவே இருந்தது. ஆனால் அவர் தொட்ட இடத்தில் இல்லை.

"படு" என்றார் மாமி.

மறுநாள் காலை மாவு பிசைந்தது ஹம்மாதி. பலகையில் ரொட்டி மாவை எடுத்துக்கொண்டு தெரு அடுப்புக்குப் போனவர் அதே மாவோடு திரும்பி வந்தார். "இதச் சுடறதா, சுவத்துல பூசறதான்னு கேக்கறான் அந்த ஆளு" என்றார். சிரிக்கக்கூடாது என்று எனக்கு டாக்டரே சொல்லியிருந்தார். வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் உள்ளே யாரோ கிள்ளினார்கள்.

அடுத்த சண்டை ரஃபீசா என்ற சாப்பாட்டால் வந்தது. கோழியும் பருப்பும் வெந்தயமும் போட்டு, பிய்த்த ரொட்டியின் மேல் ஊற்றித் தருவதைப் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தான் செய்வார்கள். பார்க்க வந்த தாமூ, வழக்கப்படி கொண்டுவந்த சர்க்கரைக் கூம்பை வைத்துவிட்டு, "ரஃபீசா எங்க?" என்று கேட்டாள்.

"அது பிள்ள பெத்தவளுக்கு" என்றார் மாமி. "இவ என்ன பெத்தா?"

"நல்லாருக்கே நியாயம்! பிள்ள வெளிய வந்தா ஒரு கோழி. பிள்ளங்க இருந்த வீடே வெளிய வந்திருக்கு, அதுக்கு ரெண்டு கோழி வேணாமா?"

சாயங்காலம் சமையலறையிலிருந்து வெந்தய வாசனை வந்தது. இரண்டு கோழி.

தாமூ வேடிக்கையாகச் சொன்ன அந்த வார்த்தை என்னை விடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளை வேண்டும் என்றா? எனக்கு ஐம்பது வயதாகிறது. மாதாமாதம் வாளி வாளியாக ரத்தம் போய்க் கால் தள்ளாடிய கஷ்டம் தீர்ந்தது என்று சந்தோஷம்தான் பட வேண்டும். ஆனாலும் அழுகை வந்தது. மாமி என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கோழிச் சதையை எலும்பிலிருந்து பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து தினமும் ஏதோ ஒன்று கொடுத்தார். கருஞ்சீரகம், தேன், அத்தி, என்னவென்று கேட்கவே பயமாக இருந்த ஒரு கஷாயம்.

ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு, "கட்டப் பிரி, புண்ணுல தடவணும்" என்று மாமி வரும்போதெல்லாம்தான் எனக்கு உயிர் போகும். டாக்டர் தவிர யாரும் தொடக்கூடாது என்று சாதித்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு நானே கட்டைப் பிரிப்பேன். இரண்டு வாரத்தில் பிளாஸ்திரியும் போய்விட்டது. வெறும் வயிற்றில் நாலு புள்ளிகள். அதைப் பார்த்துவிட்டு மறுபடி கவனமாகச் சுற்றுவேன். நடக்கிறேன், தூங்குகிறேன், மதியம் தொலைக்காட்சியில் துருக்கித் தொடர் பார்க்கிறேன். உடம்பு தேறிக்கொண்டு வந்தது. கன்னத்தில் சதைகூட வைத்தது.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் நாற்பது நாள் நெருங்கியதும் மாமி அறிவித்துவிட்டார். பிள்ளை பெற்றவளை அழைத்துப் போவதுபோலவே என்னை ஹம்மாமுக்கு அழைத்துப் போவாராம். மருதாணி, பன்னீர், தெருப் பெண்கள் அத்தனை பேரும் உண்டாம்.

"டாக்டரக் கேக்கணும் மாமி. சுடுதண்ணி ஆகாது."

டாக்டருக்குப் போன் போட்டேன். போன வாரம்தான் நேரில் போய் நடந்து காட்டி, பரிசோதனையும் முடிந்திருந்தது. "தாராளமாப் போங்க, எல்லாம் நல்லா ஆறிடுச்சு" என்றார் அந்தத் துரோகி. போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தவர் மாமி.

ஹம்மாமில் அன்று உட்கார இடமில்லை. கதவோரமே நின்றுகொண்டு, துண்டை மார்பிலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொண்டேன். "என்னடி புதுப் பொண்ணு மாதிரி?" என்று முபாரகா ஒரே இழுப்பில் துண்டை உருவிவிட்டாள்.

தண்ணீர் சொட்டுவது கேட்டது. தாமூ கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"வெட்டு எங்கடி?"

இத்தனை நாள் தின்ற ரஃபீசா, ஹம்மாதி தூக்கிய தண்ணீர்க் குடம், வந்து குவிந்த சர்க்கரைக் கூம்பு எல்லாம் கண் முன்னே வந்தன. இனி ஆயுசுக்கும் நான் பொய்க்காரி. அடுத்து எனக்கு என்ன வந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்போது லல்லா கென்ஸா எழுந்தார். மெதுவாக வந்து என்னை இப்படியும் அப்படியும் திருப்பி வயிற்றைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"வெட்டா? இருந்துச்சு. இந்தா பெருசு! என் கண்ணால பாத்தேன். நாப்பது நாள் என் கையால வெந்தயம் குடுத்திருக்கேன், கருஞ்சீரகம் குடுத்திருக்கேன், ஒரு குடம் தூக்கவிடல. தடம் இருக்குமா? இருந்தா அது என் சமையலுக்குக் கேவலம்!"

ஒரு நொடிதான். அப்புறம் பெண்கள் அவரை மொய்த்துவிட்டார்கள். வெந்தயம் எத்தனை பிடி? கருஞ்சீரகம் வறுத்தா, பச்சையா? அடுத்த மாதம் மகளுக்கு அறுவை வைத்திருந்த ஒருத்தி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து அப்புறம்" என்றார் மாமி. "மொதல்ல அவள நாப்பது நாள் படுக்கப் போடு. இல்லேன்னா எதுவும் பலிக்காது."

கூட்டம் கலைந்ததும் என் முதுகுப் பக்கம் வந்து உட்கார்ந்து சோப்புப் போட ஆரம்பித்தார்.

"மாமி..." என்றேன்.

"பேசாம இரு. மொத வாரமே தெரியும் எனக்கு. தூக்கத்துல கட்டுக்கு மேலயே வரட்டு வரட்டுன்னு சொறிஞ்சே. நின்ன வெட்டுக்காரி சொறிவாளா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் ஒரு சட்டித் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினார். இன்னொரு சட்டி ஊற்றினார்.

"ஹம்மாதி பொறந்த ஏழாம் நாள் என்னை மாவு பிசைய உக்கார வெச்சாங்க. அடியில ரத்தம், மேல பால், ரெண்டும் ஒழுகுது. என் மாமியா நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. வெளிய ஒண்ணும் தெரியலையேன்னா." அவர் கை என் தோளில் நின்றது. "ஒரு கட்டு கட்டிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லடி."

நான் திரும்ப முயன்றேன். தலையைப் பிடித்து நேராக வைத்துவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டு வாசலில் ஹம்மாதி, கையில் காய்ந்த மாவோடு, விடுதலைக்குக் காத்திருப்பவர் முகத்தோடு நின்றார்.

"முடிஞ்சுதாம்மா? நாளைக்கு இவ பிசையலாமா?"

"எங்கடா!" என்றார் லல்லா கென்ஸா. "உள்தையல் இன்னும் ஆறலையாம். டாக்டர் இன்னும் ஒரு மாசம் சொல்லிட்டாங்க."