என்னோடது மட்டும் சரியா சுத்துது

1

இந்தக் கதையை என் போனிடமிருந்து திருடினேன்.

கோடை விடுமுறையில் என் மகளின் பள்ளி இணையவழி முகாம் ஒன்றை நடத்தியது. பத்து நாள். தினமும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை. ‘விளையாட்டு அறிவியல்’ என்று பெயர். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை யாரும் சேரலாம். ஒன்பது பேர் சேர்ந்தார்கள்.

மடிக்கணினியில் நான் எழுத வேண்டியிருந்தது. ஆகவே போன் மகளுக்குப் போனது. திரையில் அவள் பெயர் ‘அப்பாவின் போன்’. மாற்றச் சொன்னேன்.

“இருக்கட்டும்ப்பா. மிஸ் அப்படித்தான் கூப்பிடறாங்க.”

மற்ற பிள்ளைகளும் அந்த மாதிரிதான். ‘அக்கா லேப்டாப்’ எட்டாம் வகுப்பு. ‘டைனோசர்’ மூன்றாம் வகுப்பு. ‘டேப் 2’ எந்த வகுப்பு என்று கடைசிவரை தெரியவில்லை.

மகள் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில். நான் மறுமுனையில், எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

முதல் வரி மூன்று எழுதினேன்.

‘பன்னிரண்டு வருடமாக அவர் பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவினார்.’ (பரிதாபம் கேட்கிறது. வேண்டாம்.)

‘காற்று எல்லோருக்கும் பொது, ஆனால்’ (ஆனால் என்ன? தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

‘ஆய்வக உதவியாளர் போனைத் தாங்கியில் மாட்டினார்.’ (இது நிற்கிறது. போனும் நிற்கிறது.)

3

ஆய்வக உதவியாளர் போனைத் தாங்கியில் மாட்டினார். குடுவையின் கழுத்தைப் பிடிக்கிற இரும்புத் தாங்கி. அதில் போன் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. முக்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் இறக்கிப்போட்டு உட்கார்ந்தார்.

பாடம் நடத்துவது அவர் வேலை அல்ல. சோதனைக்கு வேண்டியதை எடுத்து வைப்பார். ஆசிரியர் வந்து செய்துகாட்டுவார். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பிறகு இவர் கழுவி வைப்பார். இந்தக் கோடையில் ஆசிரியர்கள் எல்லோரும் விடுப்பில் போய்விட்டார்கள். தலைமையாசிரியை யாரைப் பிடிக்கலாம் என்று வராந்தாவில் நின்றபோது எதிரே வந்தவர் இவர்தான்.

“பத்து நாள். சமாளிப்பீங்களா?”

“சமாளிச்சிடுவேன் மேடம்.”

“கடைசி நாள் பெத்தவங்களும் வருவாங்க, நானும் உட்காருவேன். நல்லா வந்தா, பள்ளி திறந்ததும் புதன்கிழமை அறிவியல் மன்றம் உங்ககிட்ட. இல்லேன்னா பழையபடி.”

பழையபடி என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும்.

(இந்தப் பேச்சு எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே பிள்ளைகளிடம் அவர் அப்படியே சொல்லிவிட்டார். “நல்லா வந்தா புதன்கிழமையும் நான்தான் உங்க மிஸ்.” மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அந்த வராந்தாவை மட்டும் நான் கட்டினேன்.)

அன்று ஒன்பது குரல்கள் அவரை “மிஸ்” என்று கூப்பிட்டன. அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். இது நான் கட்டியது அல்ல. மகள் பார்த்தாள்.

4

ஏழு நாள் ஒழுங்காகப் போயிற்று. உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தது. தலையில் தேய்த்த பலூன் சுவரில் ஒட்டியது. டைனோசர் வீட்டில் பூனைமேல் ஒட்டியது. பூனை வகுப்பைவிட்டுப் போனது. பத்து நிமிடம் யாராலும் பேச முடியவில்லை.

எட்டாம் நாள் காகிதக் காற்றாடி. சதுரக் காகிதம். நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டு. ஒன்றுவிட்டு ஒன்றாக முனைகளை நடுவுக்கு மடித்து, குண்டூசி குத்தி, குச்சியில் செருக வேண்டும். மேசை விசிறி முன் பிடித்தால் சுற்றும்.

ஆய்வக உதவியாளர் காகிதத்தைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மடித்தார். “இந்த முனை. விடுங்க. அடுத்து இந்த முனை.” ஒன்பது பேரும் பார்த்துப் பார்த்து மடித்தார்கள்.

கடைசி நாளுக்கு அவர் போட்ட திட்டம் எளிமையானது. ஒரு திரை. பத்துக் கட்டம். பத்துக் காற்றாடி. பத்தும் ஒரே பக்கம் சுற்றும். தலைமையாசிரியை பார்ப்பார்.

5

வியாழக்கிழமை ஒத்திகை. பத்து விசிறிகள் ஓடின. காற்றாடிகள் சுற்றின. ஆய்வக உதவியாளர் திரையைப் பார்த்தார். பத்தும் ஒரே பக்கம். அவருக்கே கண் கலங்கியது.

“மிஸ்,” என்றாள் அக்கா லேப்டாப், “உங்களோடதும் என்னோடதும்தான் சரியா சுத்துது. மத்தவங்க எல்லாரோடதும் தலைகீழ்.”

“போங்கக்கா!” என்றது அப்பாவின் போன். “மிஸ்ஸோடதும் என்னோடதும்தான் சரி. உங்களோடதுதான் தலைகீழ்.”

“ரெண்டு பேரோடதும் தலைகீழ். என்னோடதைப் பாருங்க,” என்றது டேப் 2.

“எல்லாம் ஒரே பக்கம்தானே சுத்துது?” என்றார் ஆய்வக உதவியாளர்.

“இல்ல மிஸ்!” ஒன்பது பேரும். பத்து நாளில் ஒன்பது பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

“விளையாடறீங்களா? நாளைக்கு மேடம் வர்றாங்க. எனக்கு இது எவ்வளவு முக்கியம்னு தெரியும்ல?”

“நான் விளையாடல மிஸ். சத்தியமா என்னோடது மட்டும்தான் சரி,” என்றான் டைனோசர்.

“டேய், உனக்கு மணி பார்க்கவே தெரியாது. உனக்கு எந்தப் பக்கம்னு எப்படிடா தெரியும்?” என்றாள் அக்கா லேப்டாப்.

டைனோசரின் உதடு பிதுங்கியது. காற்றாடி கிழியும் சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது. ஒரு கட்டம் குறைந்தது.

வகுப்பு முடியுமுன் இன்னும் இருவர், நாளைக்கு வர மாட்டோம், இவர்களோடு சேர்ந்து சுற்ற முடியாது என்றார்கள்.

6

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

ஒன்பது பிள்ளைகளும் பொய் சொல்கிறார்கள் என்று எழுதினால் கதை பொய். மிஸ்ஸுக்குக் கண் சரியில்லை என்று எழுதினால் அவருக்குச் செய்கிற துரோகம். இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எழுத்தாளன் செய்யக் கூடாததைச் செய்தேன். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு காற்றாடி செய்து பார்த்தேன்.

யாரும் பொய் சொல்லவில்லை.

எதிரே நிற்பவரைப் பார்த்துச் செய்தால் கை மாறும். அவர் தன் வலப்பக்க முனையை மடித்தார். எதிரே பார்த்த பிள்ளைகள் தங்கள் இடப்பக்க முனையை மடித்தார்கள். வகுப்பறை என்றால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று செய்துகாட்டியிருக்கலாம். போனுக்கு முதுகைக் காட்டினால் முதுகுதான் தெரியும். ஆகவே அவர் காற்றாடி ஒரு பக்கம் சுற்றும். ஒன்பதும் மறுபக்கம் சுற்றும்.

அதோடு போகவில்லை. போன் நம்மை நமக்குக் கண்ணாடிபோல் காட்டும், இடம் வலம் மாற்றி. மற்றவர்களை உள்ளபடி காட்டும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் போனிலும் தன் காற்றாடி மட்டும் மிஸ்ஸுடையதுபோலச் சுற்றும். மற்ற எட்டும் எதிர்ப்பக்கம். மிஸ்ஸின் போனில் மட்டும் பத்தும் ஒன்றுபோல.*

புரியவில்லை என்றால் ஒன்றும் குடிமுழுகாது. ஒவ்வொருவருக்கும் தன்னுடையது மட்டும் சரி என்று தெரிந்தது. அதுபோதும்.

* ஒன்பதில் ஒன்று வேறுமாதிரி சுற்றியதாக மகள் சொல்கிறாள். கதைக்காக அதை நிறுத்திவிட்டேன்.

7

ஆய்வக உதவியாளர் இதை எப்படிக் கண்டுபிடித்தார்?

அவர் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது, அதில் (கண்ணாடி இருந்தால் பன்னிரண்டு வருடம் முன்பே கண்டுபிடித்திருப்பார். அடிக்கிறேன்.)

பேருந்தில் போகும்போது முன்னால் போன வண்டியில் எழுத்துகள் (அடிக்கிறேன்.)

எனக்குத் தெரியாது. அவரை நான் கட்டைவிரல் அளவில்தான் பார்த்திருக்கிறேன். தெரிந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை மாலை பள்ளி எண்ணிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது.

“அப்பாவின் போனா?”

“அப்பாதான் பேசறேன்.”

“போனைக் குடுங்க சார்.”

கொடுத்தேன். அவர் என் மகளிடம் சொன்னது: “நாளைக்கு அவசியம் வரணும். நீ சொன்னது சரி.” ஒன்பது வீட்டுக்கும் இதையே சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

அவர் வேறொன்றும் செய்திருக்கலாம். ‘எல்லோரும் இன்னொன்று செய்யுங்கள், முனையை மாற்றி மடியுங்கள்’ என்று சொல்லி, தப்பை மூடி மறைத்திருக்கலாம். எடுத்துவைப்பதும் கழுவிவைப்பதும் அவருக்குப் பழகிய வேலைதானே. இந்த இடத்தில் நான் அவரை நம்பவில்லை. மறைப்பார் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தப் பக்கம் குப்பைக்கூடையில் இருக்கிறது.

8

வெள்ளிக்கிழமை. எட்டுக் கட்டங்களில் பிள்ளைகளும் பின்னால் பெரியவர்களும். ஒரு கட்டத்தில் தலைமையாசிரியை, தனியாக, நேராக.

“எல்லாரும் காத்தாடியைப் பிடிங்க,” என்றார் ஆய்வக உதவியாளர். “பெரியவங்களுக்கு ஒரு கேள்வி. என்னோட காத்தாடி மாதிரி சுத்தறது யாரோடது?”

நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் காற்றாடி சரியாகச் சுற்றியது. மற்றவை எல்லாம் தலைகீழ். பெருமையாகத்தான் இருந்தது.

“எங்களோடது!” என்றேன். அதே நொடியில் ஏழு வீட்டிலிருந்தும் அதே சொல். பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல மாட்டேன். ஒரு தந்தை “கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க சார்” என்றார். அது எனக்குத்தான்.

ஆய்வக உதவியாளர் காத்திருந்தார். பிறகு ஒரு தாளை உயர்த்தினார். “என்ன எழுதியிருக்கு?”

“காத்து!” என்று எல்லோரும் படித்தார்கள்.

“எனக்கு இது திரும்பித் தெரியுது. இப்ப நீங்க உங்க பேரை எழுதிக் காட்டுங்க.”

எட்டுத் தாள்கள் எழுந்தன. எட்டுக் கத்தல்.

“மிஸ், என்னோடது மட்டும் திரும்பியிருக்கு!”

“என்னோடதும்!”

“இல்ல, உன்னோடது நேராத்தான் இருக்கு. என்னோடதுதான்—”

அக்கா லேப்டாப்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு கட்டம் திறந்தது. டைனோசர். கையில் ஒட்டுநாடா சுற்றிய காற்றாடி.

“அப்ப நான் சொன்னது சரியா?”

“சரிதான்.”

“அந்த அக்கா சொன்னது?”

“அதுவும் சரிதான்.”

“அப்ப யாரு தப்பு?”

“நான்,” என்றார் ஆய்வக உதவியாளர். “நான் என் பக்கம் பார்த்து மடிச்சேன். உங்க பக்கத்திலிருந்து எப்படித் தெரியும்னு யோசிக்கல. உங்க ஒன்பது பேரையும் நம்பல. அதுதான் பெரிய தப்பு.”

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியை மைக்கைத் திறந்தார்.

“அப்ப பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

“ஆமா மேடம். ஒரு நாள். எட்டாம் நாள்.”

காற்றாடிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான் ஒண்ணு சொல்லணும்,” என்றார்.

போன் மணியடித்தது. என் போன். பதினோரு கட்டங்களும் மறைந்து, திரை முழுக்க என் பதிப்பாசிரியரின் பெயர்.

9

“கதை என்னாச்சு?” என்றார் பதிப்பாசிரியர்.

“இப்பத்தான் போச்சு சார்.”

மறுபடி நுழைவதற்குள் வகுப்பு முடிந்திருந்தது. மகள் என்னோடு மாலைவரை பேசவில்லை. மற்ற பிள்ளைகளைக் கேட்கலாம் என்றால் எண் இல்லை, பெயரும் இல்லை. டேப் 2-இன் வீட்டை எங்கே போய்த் தேடுவது? “பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டா ஆச்சு,” என்றாள் மனைவி. கதை எழுதாதவர்களுக்கு எல்லாம் சுலபம்.

முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. தலைமையாசிரியை கைதட்டுகிறார். புதன்கிழமை மன்றம் அவருக்குத்தான். (“மேடம் கைதட்டி நான் பார்த்ததே இல்லப்பா,” என்றாள் மகள். அடித்தேன்.)

இரண்டு. பழையபடி. ஆய்வக உதவியாளர் தாங்கியிலிருந்து போனைக் கழற்றி, குடுவையை மாட்டுகிறார். (“இதுக்கா பத்து நாள் ஒரு போன்கூட எடுக்காம இருந்தோம்?” என்றாள் மனைவி. நியாயம்.)

மூன்று. தலைமையாசிரியை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார். சதுரமாகக் கிழிக்கிறார். முனையை மடிக்கிறார். எந்த முனையை என்றால்

10

இன்று பள்ளி திறந்தது.

நான் இந்த வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் வந்துவிட்டாள். பை முதுகில். கையில் ஒரு தாள்.

“அப்பா, புதன்கிழமை மன்றம் யாருகிட்டன்னு நோட்டீஸ் குடுத்துட்டாங்க.”

“சொல்லாதே.”

“ஏன்?”

“முடிக்கல இன்னும். தெரிஞ்சா எழுத முடியாது.”

“உங்களுக்குத் தெரியவே வேணாமா?”

“முடிச்சதும்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடும் முகம்தான். ஆனால் இந்தக் கோடையில் நன்றாகத் தேறியிருக்கிறாள். ஒன்றும் கசியவில்லை. வெளியே போனாள். என் மேசைக்கு எதிரே இருக்கிற சன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கம், அந்தத் தாளை ஒட்டினாள். எழுத்து தெருவைப் பார்த்து இருக்கிறது.

“திருப்பித்தான் ஒட்டியிருக்கேன். நீங்க படிக்க முடியாது,” என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்தினாள்.

வெயில் தாளை ஊடுருவி வருகிறது. நான்கு வரி. கீழே முத்திரை. எல்லாம் இடம் வலம் மாறித் தெரிகின்றன. கடைசி வரி ஒரு பெயர். முயன்றால் படித்துவிடலாம். தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். உங்களுக்கு நேராகத் தெரியும். பக்கத்தில் அவள் நிற்கிறாள், கையில் பழைய காற்றாடி. தெருக்காற்றில் சுற்றுகிறது. எனக்கு ஒரு பக்கமும் உங்களுக்கு மறுபக்கமும்.

படித்துவிட்டு அவளிடம் மட்டும் சொல்லுங்கள். மெதுவாக. சன்னலின் இன்னொரு கதவு திறந்திருக்கிறது.