கடைசி வரிசையில் அமுதம்

வில்லியனூரில் சிவப்பிரகாசம் அண்ணனின் மைக் செட் கடையில் நான் ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறவன். பாண்டியில் எங்கெங்கே கச்சேரி நடக்கும் என்று என் பெண்டாட்டி அமுதம் ஒருநாள் கேட்டபோது தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பீச் ரோட்டு மேடைக்குப் பலகை போட்டுப் பெட்டியை உருட்டிவிடலாம். வெள்ளைக்காரத் தெரு ஓட்டல் மொட்டைமாடிக்குப் படிக்கட்டு வளைந்து வளைந்து போகும், முட்டி தேய்ந்துவிடும். மாதா கோயில் பக்கத்து மண்டபத்தில் வாசல் வரை வண்டியை விடுவார்கள்.

"பாட்டு எங்க நல்லா இருக்கும்னு கேட்டா படிக்கட்டுக் கத சொல்றியே" என்று சிரித்தாள்.

அவள் சொன்னது நிஜம்தான். பெட்டியை இறக்கிக் கட்டிவிட்டால் வண்டிக்குள் போய்ப் படுத்துவிடுவேன். கச்சேரி முடிந்ததும் யாராவது வந்து காலைத் தட்டுவார்கள். ஒரே ஒரு தடவை படுதாவுக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வந்தது. அன்றைக்கு வயலின். வீட்டுக்கு வந்து அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், வாசிக்கிறபோது உலகத்தில் வேறு சத்தமே இல்லாத மாதிரி இருந்தது என்று சொல்லிவைத்தேன்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"என் காதுல ஓடுறதுகூட நின்னுடுமா?"

அமுதம் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். தகரத்தை அடித்து மூடியாக்குகிற மிஷின் அவளுடையது. வேலை விட்டு வந்த பிறகும் அந்தச் சத்தம் அவள் காதை விட்டு இறங்குவதில்லை. சோறு வடிக்கும்போதும் ஓடுகிறது, படுத்தாலும் ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நரம்பில் வந்தது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். பழகத்தான் பார்த்தாள். தூக்கம் வராமல் கண் உள்ளே போய்விட்டது. செல்போனில் வயலின் போட்டுக் காட்டினேன். மிஷினும் கூடவே ஓடுகிறது என்றாள். எதிரில் உட்கார்ந்து ஒரு தரம் கேட்டுப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

அவளுக்கு லீவு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாண்டியில் ஒரு சின்ன அரங்கத்தில் வயலின் கச்சேரிக்கு எங்கள் செட் போயிற்று. அங்கே உள்ளே போக அழைப்பிதழ் வேண்டும். பெட்டியைக் கட்டி, வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு ஜனம் வருவதற்குள் நாங்கள் கிளம்பி, அடுத்த கல்யாணத்துக்குப் போக வேண்டும். அமுதம் கேட்பதற்கு அந்தச் சரிபார்க்கிற நேரம்தான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. அவளையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். சும்மா உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வண்டியில் இடமில்லை என்றார். அமுதம் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, ஒரு சுருள் வயரைத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தாள்.

"கரும்புக் கட்டு மாதிரி எடுத்துக்கினு போவுது பாரு" என்று அண்ணன் சிரித்துவிட்டார். அதோடு ஏறிக்கொண்டோம்.

வயலின் வாசிக்கிறவர் கீதாஞ்சலி என்று ஒரு அம்மா. மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரமாய் முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் நின்று கேட்கிறதா என்று சொல்வது எப்போதும் என் வேலை. அன்றைக்கு நான் மேடையில் வயரோடு இருந்ததால் அண்ணன் அமுதத்தைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார்.

வில் கம்பியில் பட்டது. அரங்கம் முழுக்க நிறைந்து, என் முதுகு வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு அந்த அம்மா நிமிர்ந்தார்.

"பின்னால கேக்குதாம்மா?"

"கேக்கலம்மா" என்றாள் அமுதம்.

அண்ணன் பொத்தானைத் திருகினார். அந்த அம்மா மறுபடி வாசித்தார். அமுதம் மறுபடியும் கேட்கவில்லை என்றாள். பொய் சொல்லும்போது அமுதம் தரையைப் பார்ப்பாள். அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறது என்று சொல்லிவிட்டால் வாசிப்பு நின்றுவிடும். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது.

அண்ணனுக்கு முகம் சிவந்தது. வயரில்தான் கோளாறு, கழற்றி மாட்டு என்று என்னிடம் கத்தினார். வயரில் ஒன்றுமில்லை. அதைச் சொன்னால் அவள் மாட்டிக்கொள்வாள். நான் மைக் வயரைப் பிடுங்கினேன்.

பெட்டி ஊமையாகிவிட்டது. ஆனால் அந்த அம்மா வாசிப்பை நிறுத்தவில்லை. கை சூடு ஆறக்கூடாது போலிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு தனக்காக வாசித்துக்கொண்டிருந்தார். மைக் இல்லாத சத்தம் சின்னது. ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுதான். மேடையை விட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது.

அமுதம் எழுந்தாள். நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்தாள். முன்வரிசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு காதைப் பொத்தினாள், கையை எடுத்தாள். மறு காதைப் பொத்தினாள், எடுத்தாள். பிறகு இரண்டு கையும் மடியில் விழுந்துவிட்டன. அவள் முகத்தை அப்படி நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. மிஷினுக்குப் போவதற்கு முன்னால் பார்த்த முகம் அது.

வயர் முனை என் கையிலேயே இருந்தது.

"இன்னாடா, இன்னும் ஆவலியா?" என்று அண்ணன் கீழேயிருந்து கத்தினார்.

"ஒரு நிமிஷம்ண்ணே. சொருவுற வாய் லூசா கீது."

ஊதினேன். துடைத்தேன். மறுபடி ஊதினேன். அந்த அம்மா ஒரு தரம் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். அண்ணன் மேடையில் ஏறி வந்த பிறகுதான் வயரைச் செருகினேன். பெட்டி முழங்கியது.

"இப்ப கேக்குதாம்மா?" என்றார் அண்ணன்.

அமுதம் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பும்போது, உன் பெண்டாட்டி காதுக்குத் தனியாய் ஒரு பெட்டி கட்டணும் போலிருக்கே என்று அண்ணன் வழியெல்லாம் நக்கல் செய்துகொண்டு வந்தார். நாங்கள் வண்டியின் பின்னால் வயர் சுருள்களின் மேல் உட்கார்ந்திருந்தோம். அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் வண்டி ஏறி இறங்கியபோது அமுதம் என் கையைத் தொட்டாள்.

"மிஷினு திரும்ப வந்துடுச்சி" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் கையை எடுக்காமல் இருந்தாள்.

"வுடு. அதுக்கும் நிக்கத் தெரியும்னு பாத்துட்டேன் இல்ல."