இடதுகைச் சிங்கம்

பற்பசை மூடியை அவள் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்ததைக் கணவர் குளியலறைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். கண்ணாடியில் பார்ப்பது அவருக்குத் தொழில். இருபது வருடமாக சலூன் வைத்திருப்பவர். நேரில் இருக்கும் ஆளைவிடக் கண்ணாடியில் இருக்கும் ஆளிடம்தான் அவருக்குப் பழக்கம் அதிகம்.

"பல்லு விளக்கறதுக்கா, மூடி திறக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள், மூடி வாயில் இருக்கும்போதே.

அவர் அவளுடைய வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலுக்குக் கீழே லேசாக அமுக்கினார். அவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு ரெண்டு வாரம் என்று சொன்னது பச்சைப் பொய். ஐந்து மாதமாகிறது. துணி பிழிவது, குக்கர் மூடுவது, தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது என்று ஒவ்வொரு வேலையாக நைசாக அவர் தலையில் கட்டிவிட்டிருந்தாள். தான் திடீரென்று பொறுப்பான புருஷனாகிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாடிக்கையாளர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் விட்டார்.

"கை போச்சுன்னா தொழில் போச்சு. இன்னிக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றார்.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பஞ்சிங் அக்கா என்று பெயர். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கும் தொப்பிகளுக்கும் பேட்ஜ் தைத்துக் கொடுக்கும் எம்பிராய்டரி கம்பெனி அது. பெரிய மிஷின், பதினைந்து ஊசித்தலைகள், ஒரே நேரத்தில் பதினைந்து பேட்ஜ். ஆனால் மிஷினுக்குச் சுயபுத்தி கிடையாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கமாக நிரப்ப வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று யாராவது கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். அதுதான் பஞ்சிங். படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு அதன் ஓரமாகவே மவுஸை நகர்த்தி, புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டு போவாள். சுட்டுவிரலால் தட்டினால் நேர்கோடு. நடுவிரலால் தட்டினால் வளைவு. சுட்டு, சுட்டு, நடு, நடு, சுட்டு. ஒரு பேட்ஜுக்கு ஆயிரம் தட்டாவது ஆகும். தூக்கத்தில்கூட அவளுடைய இரண்டு விரல்களும் தலையணையில் தட்டிக்கொண்டிருக்கும் என்பது கணவரின் வாக்குமூலம்.

அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆறு வருடம் பின்பக்கத்து மேசையில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டினாள். சாப்பாட்டு இடைவேளையில் பஞ்சிங் ஃபைல்களைத் திறந்து தானாகவே போட்டுப் பழகினாள். பழைய ஆள் வேறு கம்பெனிக்குப் போன மறுநாள் காலையில் போய் அவர் இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவள் போட்ட மயிலைப் பார்த்தபிறகு யாரும் எழுந்திருக்கவும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு விற்பனைக்காரர் வந்து முதலாளியம்மாவிடம் புது சாஃப்ட்வேர் ஒன்றைக் காட்டினார். படத்தைக் கொடுத்துப் பொத்தானை அமுக்கினால் போதும், பஞ்சிங் தானாகவே வந்துவிடுமாம். ஒரு பூவைப் போட்டும் காட்டினார். பூவை யார் போட்டாலும் பூ மாதிரிதான் இருக்கும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவருடைய விசிட்டிங் கார்டு முதலாளியம்மாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த நேரத்தில் கை வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் நாற்காலியைத் தட்டில் வைத்து நீட்டியது போலத்தான். பொத்தான் அவள் இடத்துக்கு வரும், அவள் கத்தரிக்கோல் மேசைக்குப் போவாள். அதனால் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி, அதை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தாள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓய்வு கொடுக்கச் சொன்னார். அது முடியாது என்று அவள் முகத்திலேயே படித்திருக்க வேண்டும். அப்படியானால் படுக்கை மவுஸை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிற மவுஸாக வாங்குங்கள், கை திருகாமல் பக்கவாட்டில் இருக்கும், வலி குறையும் என்றார். மவுஸ் வாங்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். அதுதான் வினை.

அன்று மாலை வெற்றிவீரராக வந்தார். கடையில் நாலு மாடலைக் கையில் பிடித்துப் பார்த்தாராம். மூன்று உதவாதாம். நாலாவது அப்படியே கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதாம். சாப்பாட்டு மேசையில் வைத்தார். கறுப்பாக, ஒரு பக்கம் சரிந்து, யாரோ கை குலுக்கக் கையை நீட்டிய மாதிரி நின்றது. அவள் வலது கையை வைத்தாள். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான்கள் இருந்தன. விரல்கள் இருக்க வேண்டிய பக்கம் வழவழவென்று காலியாக இருந்தது. திருப்பி வைத்துப் பார்த்தாள். வயர் அவள் வயிற்றைக் குத்தியது.

"ஏங்க, கடையில எந்தக் கையால பிடிச்சுப் பாத்தீங்க?"

அவர் தன் இடது கையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே இடது கைதான். கத்தரிக்கோல் பிடிப்பதும் இடது, சவரக்கத்தி பிடிப்பதும் இடது, சண்டையில் நீட்டும் விரலும் இடது.

"மாத்திக் குடுக்க மாட்டாங்களா?"

"பிரிச்ச சாமானை வாங்க மாட்டாங்களாம். பில்லுலயே போட்டிருக்கு." கொஞ்ச நேரம் அசடு வழிந்துகொண்டிருந்தவர், பிறகு பேச்சையே மாற்றிப் பிடித்தார். "நான் வலது கைக்காரங்க கத்தரிக்கோல வெச்சுத்தான் இருபது வருஷமா முடி வெட்டறேன். கதவுக் கைப்பிடி, டின் திறக்கறது, எல்லாமே உங்க கைக்குத்தான் செஞ்சிருக்கான். என் கைக்குன்னு ஒரு சாமான் இந்த வீட்டுக்கு வந்திருக்கு. அதையும் திருப்பிக் குடுங்கற."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே அவள் யோசித்தாள். டாக்டர் ஓய்வு என்றார். இந்த மவுஸை எடுத்துக்கொண்டு போனால் வலது கைக்கு ஓய்வு தவிர வேறு வழியே இல்லை.

முதல் நாள் இடது கை அவள் மானத்தை வாங்கியது. ஒரு வட்டத்தைச் சுற்றிவர அரைமணி நேரம். திரையில் அம்புக்குறி ஒரு பக்கம் போனால் கை ஒரு பக்கம் போனது. அதிலும் ஒரு கூத்து, இந்த மவுஸில் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. சுட்டுவிரலுக்கு வளைவு வந்தது, நடுவிரலுக்கு நேர்கோடு. முதலாளியம்மா அந்த வழியாகப் போனவர் நின்று, "என்னம்மா இது, மீன் துடுப்பு மாதிரி?" என்று கேட்டார்.

"புது மாடல் மேடம். பழகிட்டா வேகமா வரும்."

சொன்ன பிறகு வேகமாக வந்தே தீர வேண்டியதாயிற்று. வீட்டில் இடது கையால் பல் விளக்கினாள், இடது கையால் சாப்பிட்டு மேலெல்லாம் சிந்தினாள். கணவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "முழங்கையைக் கொஞ்சம் உள்ள வெச்சுக்கோ, தோள்ல இருந்து வரணும்" என்று பாடம் நடத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய கைக்கு மரியாதை கிடைத்திருந்தது. மூன்றாவது வாரத்தில் அவள் மொட்டைக் கோடுகளை விட்டு எழுத்துகளுக்கு வந்துவிட்டாள். வலது கை மடியில் படுத்துக்கொண்டு சும்மா வேடிக்கை பார்த்தது. இரவில் வலி வந்து எழுப்புவது எப்போது நின்றதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் சிங்கம் வந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப்பை பேட்ஜ், தொள்ளாயிரம். சிங்கத்தின் முகம், சுற்றிப் பிடரி, கீழே பள்ளியின் பெயர். போன வருடத்ததைவிடப் பெரிய அளவு, அதனால் புதிதாகத்தான் போட வேண்டும். முழுச் சிங்கத்தையும் இடது கையாலேயே ஒன்றரை நாளில் போட்டு முடித்துவிட்டாள். சாம்பிளை மிஷினில் தைத்து முதலாளியம்மாவின் மேசையில் வைத்தார்கள். பிடரியின் மஞ்சள் சரியாக இல்லை என்று போன வருடம் இதே பள்ளிக்கூடம் தகராறு செய்திருந்ததால் எல்லோரும் மஞ்சளையே பார்த்தார்கள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், விளக்குக்கடியில் பார்த்தார்கள். மஞ்சள் பிரமாதம் என்று முடிவாகி, தைக்கச் சொல்லியாயிற்று.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் மிஷின் ஓட்டுபவர் வந்து அவள் மேசையருகே நின்றார். கம்பெனியில் அவருக்குப் பதினைந்து தலை என்று பெயர். ராவணனுக்கே பத்துதானே என்று அவரே சொல்லிக்கொள்வார். அவளைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, ஒரு நிமிஷம் வந்து பாருங்க. சிங்கம் சிரிக்குது."

"என்னண்ணே சொல்றீங்க?"

"வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தாள். பதினைந்து சிங்கங்களும் வரிசையாக அவளைப் பார்த்துச் சிரித்தன. ஏதோ தெரிந்தவரைக் கண்டுவிட்ட சிரிப்பு. பள்ளிக்கூடம் கொடுத்த படத்தில் சிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, இறுக்கமாக, பெட்டிபோல நாலு நேர்கோட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த நாலு கோட்டையும் அவள் பழக்க தோஷத்தில் சுட்டுவிரலால் தட்டியிருக்கிறாள். வாய் வளைந்துகொண்டுவிட்டது. கட்டைவிரல் நகமளவு வாய். திரையில் கண்ணிலேயே படவில்லை.

"எத்தனை ஓடியிருக்கு?"

"முந்நூறு." அவர் குரலைத் தாழ்த்தினார். "சாம்பிளை மேடம்தான பாத்து ஓகே சொன்னாங்க. அவங்க பாத்தாங்கன்னு சொல்லிட்டு விட்டுருங்க அக்கா."

சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த முந்நூறு சிரிப்பையும் பார்த்துக்கொண்டு அவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை மாதமாக மறைத்ததே போதும் என்று இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒரு பேட்ஜை எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வலியை, பட்டையை, சலூன்காரர் வாங்கிவந்த மவுஸை, விரல் மாறிப்போனதை. சட்டைக்கையை ஏற்றி மணிக்கட்டையும் காட்டினாள்.

முதலாளியம்மா பேட்ஜை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முழுச் சிங்கத்தையும் இடது கையால போட்டியா?"

"ஆமா மேடம்."

"வலிக்குதுன்னு ஏன் சொல்லலை?"

அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விசிட்டிங் கார்டைப் பார்த்தாள். முதலாளியம்மாவும் அதைப் பார்த்தார். பிறகு தன் கம்ப்யூட்டரைத் திருப்பினார். விற்பனைக்காரர் சோதித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போன சாஃப்ட்வேர் அதில் இருந்தது. சிங்கத்தின் படத்தை அதற்குக் கொடுத்துப் பொத்தானை அமுக்கினார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அரை நிமிடத்தில் காலிஃபிளவர் ஒன்று வந்தது. இரண்டு கண் இருந்ததால் அது கோபமாக இருக்கும் காலிஃபிளவர் என்று தெரிந்தது.

"இது சிரிக்கக்கூட இல்லை" என்றார் முதலாளியம்மா. அவருடைய உதடு ஒரு ஓரமாகத் துடித்தது. "போய் வாயைச் சரி பண்ணிட்டு வா. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

முதலாளி பக்கத்தில் நிற்க, இடது கையால் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம். வாயை அழித்தாள். நடு, நடு, நடு, நடு. நாலு நேர்கோடு. சிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளியம்மா சிரித்த பேட்ஜ் ஒன்றையும் சரிசெய்து தைத்த பேட்ஜ் ஒன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். அந்த இரண்டு மணி நேரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினைந்து தலை தன் டப்பாவோடு வந்து அவளுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார், ஆறுதலுக்காக.

திரும்பி வந்த முதலாளியம்மா மிஷின் பக்கம் போய்த்தான் முதலில் பேசினார். "பாக்கி அறுநூறும் கடுகடு சிங்கம். அது பெரிய பிள்ளைங்களுக்கு. அந்த முந்நூறும் மழலையர் வகுப்புக்கு வேணுமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, சின்னதுங்க பழைய சிங்கத்தைப் பாத்துப் பயந்துக்குதுங்கன்னாங்க." பிறகு அவள் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை சாம்பிள்ல வாயையும் பாக்கணும். நானும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கார்டு இன்னமும் கண்ணாடிக்கு அடியிலேயேதான் இருக்கிறது. ஆனால் அதன் மேல் இப்போது டீக்கோப்பை வைக்கிறார்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் சனிக்கிழமை, பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு அவள் சலூனுக்குப் போனாள். நாற்காலிக் கைகளின் மேல் பலகை போட்டு, அதன் மேல் ஒரு குட்டிப்பெண் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து நேராக வந்திருந்தாள் போல, சீருடையில். முடி வெட்டிக்கொள்வதில் அந்தக் குட்டிக்குத் துளியும் சம்மதமில்லை. வாயை இறுக்கி நேர்கோடாக வைத்திருந்தாள். கழுத்துத் துணி விலகிய இடத்தில், சட்டைப்பையில், சிங்கம் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

"உன் பாக்கெட்ல இருக்கறவரே சிரிக்கறாரு, உனக்கு என்ன கேடு?" என்றார் கணவர், இடது கையில் கத்தரிக்கோலோடு.

"இது யாரு செஞ்சது தெரியுமா?" என்று மனைவியைக் காட்டினார்.

குட்டிப்பெண் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து சிங்கத்தைப் பார்த்தாள். நம்பவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே பிளாஸ்கை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது, ஒரு திருகு, இன்னொரு திருகு, திறந்துவிட்டது. ஆவி மேலே வந்தது. கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். கணவர் கண்ணாடியில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கையால் திறந்தோம் என்று அவளும் கண்ணாடியைத்தான் பார்த்தாள். அதில் அவளுடைய வலது கை, மூடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு இடது கையாகத் தெரிந்தது.