பச்சைப் பொத்தானுக்குக் கீழே ஒருவர்

1

சற்றுமுன் பாதியில் அறுந்த ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அழைத்தவள் என் மகள், கட்டடப் பொறியாளர். திரும்ப அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. கை சும்மா இருக்க மறுப்பதால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ஒரு காட்டில் அவசரக்கார முயலொன்று... (வேண்டாம். எதற்கெடுத்தாலும் முயல் கதை சொல்லும் பழக்க தோஷம்.)

இரண்டாம் தொடக்கம்: கூரைக்குக் கான்கிரீட் கொட்டும் முன், பலகைகளை அடியிலிருந்து தாங்கும் முட்டுக் கம்பங்களைப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுக் கைபேசிச் செயலியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கான்கிரீட் லாரி புறப்படும். வேலையை விரைவுபடுத்த நிறுவனம் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடையாது. ஆகவே எல்லாரும் மேலேயே பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு இறங்கிப் பார்ப்பார்கள். இன்று மகளும் அப்படியே செய்தாள். இறங்கினால், ஒரு மூலையில் முட்டுகளே இல்லை. பக்கத்துக் கட்டடத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

3

மேற்பார்வையாளரை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். மகள் சொல்வதைக் கேட்டால் அவர் சிரித்த முகக்காரர்.

"செயலியே பச்சைங்குது, நீங்க ஏன் மேடம் வெளுத்துப்போறீங்க? ஆள் கீழ முட்டு வெச்சிட்டிருக்காரு. லாரியை நிறுத்தினா கான்கிரீட் உள்ளேயே இறுகிடும்."

நிறுத்தினால் செயலியில் அவள் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழும். முன்பே ஒன்று உண்டு. இன்னொன்று விழுந்தால் வேலை தங்காது. அதனால்தான் படியேறி வந்து என்னை அழைத்தாள்.

"அப்பா, நிறுத்தவா, விடவா?"

"அம்மாடி, ஒரு காட்டுல ஒரு முயல்..."

"முயலை விடுங்கப்பா. லாரி வந்துடுச்சு."

பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிட்டாள். அழைப்பு அறுந்தது.

4

முடிவு அ: லாரியைத் திருப்பி அனுப்புகிறாள். வேலை போகிறது. நான் பெருமைப்படுகிறேன். (பெருமைப்படுவது எனக்கு எளிது.)

முடிவு ஆ: கான்கிரீட் விழுகிறது, கூரை தாங்குகிறது. அடுத்த கூரைக்கும் எல்லாரும் மேலேயே பொத்தானை அழுத்துகிறார்கள்.

முடிவு இ: கூரை...

5

கீழே முட்டு வைக்கும் அந்த ஆளைக் கோடு போட்டுக் கதையிலிருந்து அடித்துப் பார்த்தேன். படபடப்பு கொஞ்சம் அடங்கியது. பிறகுதான் உறைத்தது: நான் அடித்ததால் அவர் அங்கிருந்து வெளியே வந்துவிடவில்லை. மறுபடியும் எழுதிச் சேர்த்தேன்.

நிறுத்துவதா விடுவதா என்று யோசிப்பதற்கு முன்பே மகளிடம் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் நான் முயலை ஓடவிட்டேன்.

தொலைபேசி இன்னும் எல்லைக்கு வெளியேதான். முடிவை உங்களிடம் தருகிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் மட்டும் கீழே முட்டு வைக்கும் அவரை மேலே கூப்பிட்டுவிடுங்கள். லாரியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.