இரண்டாவது மான்

வேட்டைக்குப் போகிற கூட்டத்தில் துப்பாக்கி வைத்திருப்பவன்தான் பெரிய ஆள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அரிசோனாவின் தெற்கு மலைகளில் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே இருக்கிற சாம்பல் மான் ஒரு பெரிய ஆட்டின் அளவுதான் இருக்கும். பாறையும் அதே நிறம், காய்ந்த புல்லும் அதே நிறம். முக்காலியில் பெரிய பைனாகுலரை மாட்டி, எதிர்ச்சரிவை மணிக்கணக்கில் துழாவி, ஒரே ஒரு காது அசைவதைப் பிடிக்கிறவன் வேண்டும். சுட்ட பிறகும் அவன்தான் வேண்டும். துப்பாக்கி தோளில் உதைக்கிற உதையில் சுட்டவனுக்கு ஒன்றும் தெரியாது. பட்டதா, தப்பியதா, இன்னொன்று சுடலாமா, எல்லாம் அந்த பைனாகுலர் கண்ணாடிக்காரன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவன் சொல்லாமல் இரண்டாவது தோட்டாவைத் தொடக் கூடாது. சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது.

முப்பது வருஷமாக அந்தக் கண்ணாடிக்காரன் ஃபெர்மின் புஸ்தமாந்தே. செப்புச் சுரங்க ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வயது ஐம்பத்தெட்டு. 'ஃபெர்மின் பார்த்துட்டானா? அப்ப அங்க மான் இருக்கு' என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, அவனிடம் வேறு என்ன இருந்தது பெருமைப்பட?

ஆகஸ்ட் மாதம் டூசானில் ஒரு கண் டாக்டர், சர்க்கரை அவனுடைய இரண்டு கண்ணின் நடுவையும் தின்றுகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். பார்க்கிற இடத்தின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு அழுக்கு. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. பஸ் ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள், பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ஃபெர்மின் தலையை ஆட்டிவிட்டு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி சாயோவிடம்கூட. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அடுத்த உடல் பரிசோதனை மார்ச்சில். தலையை லேசாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டால் ஓட்டிவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். டிசம்பரில் வேட்டை நாளன்று விடியலில் லாரியை மலைக்கு ஓட்டி வந்ததும் அவன்தான்.

வேட்டை அவனுடையதல்ல, லாலோ கிஹுவிஸினுடையது. டிசம்பர் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் விழும். லாலோ ஒன்பது வருஷம் எழுதிப் போட்டு இந்த வருஷம் விழுந்தது. ஒரு சீட்டுக்கு ஒரு மான். லாலோவும் ஃபெர்மினும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். லாலோவின் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் ஃபெர்மின். அந்த மகளின் மகள் மரிசெலா இரண்டாம் வகுப்பு, ஃபெர்மினின் பஸ்ஸில்தான் போகிறாள். மூன்றாவது ஆள் சேமா, சாயோவின் தம்பி. துப்பாக்கியும் கிடையாது, சீட்டும் கிடையாது. வாயும் பசியும் உண்டு.

"மச்சான், அந்தப் பாறைக்குக் கீழ ரெண்டு நிக்குது," என்றான் சேமா, சின்ன பைனாகுலரை இறக்கிவிட்டு. அவன் வாயில் பாதி பரீத்தோ ரொட்டிச் சுருள். "கண்ணாடியத் தொடச்சிக்கோ. ஒரு மணி நேரமா அங்கயே பாத்துட்டிருக்க, எனக்கு முன்னாடி தெரியலயா?"

"அப்பவே பாத்துட்டேன். கொம்பு எப்படின்னு பாத்துட்டிருந்தேன்," என்றான் ஃபெர்மின்.

அவன் ஒன்றையும் பார்க்கவில்லை.

"கொம்பு எப்படிடா?" என்றான் லாலோ. அதற்குள் மண்ணில் படுத்து, பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டான்.

"நல்ல கொம்பு."

சேமா அடுத்த பள்ளத்தில் வேறு ஏதாவது நிற்கிறதா என்று பார்க்க முகட்டைச் சுற்றிப் போனான். முன்னூற்று நாற்பது கஜம் என்று லாலோ அளவுக் கருவியில் பார்த்துச் சொன்னான். அவன் மூச்சை விடுவது ஃபெர்மினுக்குக் கேட்டது. பிறகு வெடித்தது.

ஃபெர்மின் கண்ணாடியில் கண்ணை அழுத்தினான். நடுவில் அழுக்கு. கண்ணை உருட்டினான், அழுக்கும் கூடவே உருண்டது. பட்டதா இல்லையா? அவனுக்குத் தெரியவில்லை. 'எனக்குத் தெரியல, பொறு' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அப்போது இடது ஓரத்தில் ஒரு மான் நாலு எட்டு நடந்து நின்றது. மான் நிற்கிறதென்றால் படவில்லை என்றுதானே அர்த்தம்?

"குண்டு மேல போயிருச்சு!" என்றான். "இடது பக்கம் நிக்குது பாரு. அடி!"

லாலோ ஏன் என்று கேட்கவில்லை. சுட்டான். அந்த மான் விழுந்தது ஃபெர்மினுக்கே தெரிந்தது. அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ வேலை இன்னும் கையில் இருக்கிறது என்று நினைத்தான். பாவம்.

சேமாவும் வந்து சேர்ந்துகொள்ள, பள்ளத்தில் இறங்கி எதிர்ச்சரிவு ஏற ஒரு மணி நேரம் ஆனது. கற்றாழையும் கள்ளியும் முழங்காலைப் பதம் பார்த்தன. மான் ஒரு சீமைக்கருவேலச் செடிக்குப் பக்கத்தில் கிடந்தது, ஒரு பக்கத்துக்கு மூன்று கிளைக் கொம்பு. லாலோ தொப்பியைக் கழற்றி சிலுவை போட்டுக்கொண்டு, மானின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். பிறகு சீட்டை எடுத்துக் கொம்பில் கட்டினான். ஒன்பது வருஷம் காத்திருந்த சீட்டு.

சற்றுக் கீழே ஒன்றுக்கு இருக்கப் போன சேமாவின் குரல் வந்தது.

"லாலோ அண்ணே... இங்க இன்னொன்னு கெடக்கு."

யாரும் ஓடவில்லை. மெதுவாகத்தான் இறங்கினார்கள். குட்டையான ஓக் மரத்தடியில், நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்திருந்தது முதல் மான். தோளுக்குப் பின்னால் சுத்தமான ஒரே ஓட்டை. லாலோ வாழ்க்கையில் சுட்டதிலேயே நல்ல குண்டு அதுதான். கொம்பும் மற்றதைவிடப் பெரிது.

"மச்சான், தப்பிருச்சுன்னு நீதான சொன்ன? முகட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு," என்றான் சேமா.

ஃபெர்மின் வாயைத் திறந்தான். உண்மை அங்கேதான் இருந்தது, நாக்கு நுனியில். ஆனால் வந்தது வேறு.

"வெயில் நேரா கண்ணுல அடிச்சிது. சரியாத் தெரியலன்னு சொன்னேனே. இவன் அவசரப்பட்டுட்டான்."

லாலோ அவனைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் ஃபெர்மினும் பதிலுக்குக் கத்தியிருப்பான். லாலோ கோபப்படவில்லை. வெயில் அவர்களுக்கு முதுகுப் பக்கம் இருந்தது மூன்று பேருக்கும் தெரியும்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்று சேமா குரலைத் தாழ்த்தினான், கேட்பதற்கு அங்கே காக்கைகூட இல்லாதபோதும். "சின்னத இந்த ஓடைக்குள்ள தள்ளிக் கல்லப் போட்டு மூடிருவோம். சீட்டப் பெருசுல கட்டிக்கோ. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றான் லாலோ. "கத்திய எடு. வெயில் ஏறுறதுக்குள்ள ரெண்டையும் சுத்தம் பண்ணணும். கறி கெட்டா அது இன்னொரு பாவம்."

குடலை எடுத்து, ஆளுக்குக் கொஞ்சமாக மாற்றி மாற்றிச் சுமந்து லாரிக்குக் கொண்டுவந்தபோது பகல் ஒரு மணி. லாரிக்குப் பின்னால் இருந்த மேட்டின் உச்சியில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் வரும். லாலோ தனியாக ஏறிப்போய் வேட்டைத் துறைக்குப் பேசிவிட்டு இறங்கினான்.

"வர்றாங்களாம்," என்றான்.

வந்த அதிகாரி சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. பிரெவிட் என்று சட்டையில் பெயர். இரண்டு மானையும் பார்த்தாள், குண்டுக் காயங்களைப் பார்த்தாள், நோட்டைத் திறந்தாள்.

"நீங்களே கூப்பிட்டதுக்கு நன்றி சார். நிறையப் பேர் கூப்பிட மாட்டாங்க. ரெண்டாவது தடவை ஏன் சுட்டீங்க?"

"மொதல் குண்டு தப்பிருச்சுன்னு நெனச்சேம்மா."

அவள் முக்காலியைப் பார்த்தாள். "கண்ணாடில யாரு இருந்தாங்க? யாராவது சொன்னாங்களா?"

சேமா தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருமில்ல," என்றான் லாலோ. "இவங்க ரெண்டு பேரும் காபி போட்டுட்டிருந்தாங்க. அவசரம் என்னோடது."

ஃபெர்மின் 'இல்லை' என்று சொல்லவில்லை. அதை எந்தச் சமாதானத்தாலும் மூட முடியாது. நின்றான், கேட்டான், வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அவள் வழக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாள். நீதிபதி பார்த்துச் சொல்வார், சில வருஷத்துக்கு உரிமம் போகலாம் என்றாள். தானே சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். சீட்டில்லாத பெரிய மானைத் தன் வண்டியில் ஏற்றினாள், கறி ஏழைகளுக்குப் போகும். லாலோவிடம் தன் விசிட்டிங் கார்டு ஒன்றையும் கொடுத்தாள், பேரும் நம்பரும் அச்சடித்தது. புழுதி அடங்கும் வரை மூன்று பேரும் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாலோவுக்கு அறுபது ஆகப் போகிறது. உரிமம் போய் வந்து, இன்னொரு சீட்டு விழுவதற்குள் மலை ஏறக் கால் இருக்குமா என்று சொல்ல முடியாது.

ஃபெர்மின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான்.

"சாவியக் குடு," என்றான் லாலோ.

"நான் ஓட்டுறேன். நீ களச்சிருக்க."

"சாவியக் குடுடா."

ஃபெர்மின் கொடுக்கவில்லை. சேமாவுக்கு எப்போது விலக வேண்டும் என்பது வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தது. கயிற்றைச் சரிபார்க்கிற சாக்கில் லாரியின் பின்பக்கம் போனான்.

"எப்பத்திலேருந்து?" என்றான் லாலோ.

"என்ன எப்பத்திலேருந்து?"

"மரிசெலா ஒரு வெளையாட்டு சொன்னா. பஸ்ல பிள்ளைங்க எல்லாம் சேந்து, வீடு வந்ததும் 'இங்க, இங்க'ன்னு கத்துதாம். கத்தலேன்னா ஃபெர்மின் தாத்தா தாண்டிப் போயிருவாராம். பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பாம்." லாலோ லாரிக் கதவில் கையை ஊன்றினான். "போன மாசம் சொன்னா. நான் அவளத் திட்டினேன். பெரியவங்களப் பத்தி அப்படிப் பேசக் கூடாதுன்னு திட்டினேன்டா. எங்க ஃபெர்மின் கண்ணு, அதுக்கு என்ன ஆகும்னு நெனச்சேன். அவ அழுதா."

ஃபெர்மினும் அதை விளையாட்டு என்றுதான் வைத்திருந்தான். பிள்ளைகள் கத்துவார்கள், அவன் 'சரிங்க முதலாளி' என்று பிரேக்கை மிதிப்பான். தினமும் மலைப்பாதையில் முப்பத்தொரு பிள்ளைகள் அவனுக்கு வழி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ரெண்டு வருஷந்தான்டா பாக்கி," என்றான். "அதுக்கப்புறம் நான் யாரு?"

"மானுக்கு நான் பொறுப்பு. அது முடிஞ்சிது, அதப் பத்தி இனி ஒரு வார்த்த பேச மாட்டேன். ஆனா திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு மரிசெலா வாசல்ல நிப்பா. அதுக்கு முன்னாடி நீ சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லிருவேன். உன் சினேகிதம் போனாலும் பரவால்ல, சொல்லிருவேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஃபெர்மின் அதைப் பார்க்கவில்லை, நடு அழுக்கில் லாலோ முழுதாக மறைந்திருந்தான். தலையைத் திருப்பி ஓரத்தால் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐம்பது வருஷத்தில் லாலோ அழுது அவன் பார்த்ததில்லை. அவனுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

சாவியை லாலோவின் கையில் வைத்தான். பிறகு லாரியைச் சுற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏற ஆரம்பித்தான். இரண்டு இடத்தில் கல் தடுக்கியது. லாலோ பின்னாலேயே வந்தான், கையைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கிற தூரத்தில் வந்தான்.

உச்சியில் ஃபெர்மின் போனை எடுத்தான். பள்ளிக்கூட பஸ்களைப் பார்த்துக்கொள்கிற யோலியின் நம்பர் அதில்தான் இருந்தது. திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், சாய்த்துப் பிடித்தான். கட்டைவிரல் எதன் மேல் நிற்கிறது என்று புரியவில்லை. போனை லாலோவிடம் நீட்டினான்.

"யோலி நம்பரப் போடு. எனக்குத் தெரியல."

ஆகஸ்டிலிருந்து அவன் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. காலையில் எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையும் அதுதான்.

லாலோ நம்பரைப் போட்டு அவன் கையில் கொடுத்தான்.

"பேசி முடிச்சதும் அந்தப் பொண்ணு நம்பரையும் போடு," என்றான் ஃபெர்மின். "உன் பையில இருக்குல்ல, அந்தக் கார்டு."

"அது வேணாம்டா. அது முடிஞ்சிருச்சு."

"போடு. கண்ணாடில இருந்தது நான்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. கீழே சேமா, இறுகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். யோலி போனை எடுத்து, "சொல்லுங்க ஃபெர்மின், சனிக்கிழமையும் அதுவுமா என்ன?" என்றாள்.